தினசரி சவாரிக்கு க்ளீட் பெடலா, ஃப்ளாட் பெடலா? முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்

பதினொரு கிமீ

வணக்கம். ஒரு வருடமாக வேலைக்கு சைக்கிளில்தான் போய் வருகிறேன். போக 11 கிலோமீட்டர், வர 11. வழியில் 19 சிக்னல், அது போக இரண்டு மேம்பால ஏற்றம். சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் பெடல்தான் இன்னமும் ஓடுகிறது. போன வாரம் மழையில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது வலது கால் வழுக்கி, பெடல் சுழன்று வந்து கணைக்காலில் அடித்தது. காயம் பெரிதில்லை. ஆனால் ஹேண்டில் ஆடிய அந்த நொடியில் பக்கத்தில் வந்த பஸ்ஸின் டயரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கூட வேலை செய்பவர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடக்கும் க்ளீட் பெடலையும் (ஷூவின் அடியில் இருக்கும் க்ளீட் என்ற துண்டு பெடலில் பூட்டிக்கொள்ளும் வகை) அதற்கான ஷூவையும் தருகிறேன் என்கிறார். ஷூ என் அளவுதான். "ஒரு தடவை மாட்டிப் பழகிவிட்டால் திரும்பப் போக மாட்டாய்" என்று அடித்துச் சொல்கிறார். எனக்கு சிக்னலில் காலை எடுக்க முடியாமல் விழுந்துவிடுவேனோ என்று பயம். ரேஸ் எல்லாம் எனக்கு வேண்டாம். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கால் வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். தினமும் ஓட்டுகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சங்கிலிச்சத்தம்

மாறிவிடுங்கள் நண்பரே. எட்டு வருடமாக க்ளீட்தான், வேலைக்கும் அதே, ஞாயிற்றுக்கிழமை நூறு கிலோமீட்டர் போனாலும் அதே. நீங்கள் சொன்ன அந்த வழுக்கல் க்ளீட்டில் நடக்கவே நடக்காது. மழை பெய்யட்டும், பள்ளத்தில் சக்கரம் குதிக்கட்டும், கால் இருந்த இடத்தில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் பாதம் அதே இடத்தில்தான் உட்காரும் என்பதால் கால் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் சாலையை மட்டும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் வேகத்தைவிட அதுதான் பெரிய லாபம்.

பயப்படுவது நியாயம்தான். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஷூவின் அடியில் இரண்டு திருகு போடும் சின்ன இரும்புத் துண்டு என்றால் அது எஸ்பிடி வகை, மலைப்பாதை சைக்கிள்காரர்களுக்காக ஷிமானோ நிறுவனம் 1990இல் கொண்டு வந்தது. க்ளீட் ரப்பர் அடிப்பாகத்துக்குள் புதைந்திருக்கும், நடக்கலாம், பெடலிலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் மாட்டலாம். மூன்று திருகு போட்ட பெரிய முக்கோணப் பிளாஸ்டிக் என்றால் அது ரோட் ரேஸ் வகை. அதைப் போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் நடந்தால் வாத்து நடைதான், ஒரு பக்கம்தான் மாட்டும், சிக்னலுக்கு சிக்னல் பெடலைக் காலால் புரட்டிப் புரட்டித் தேட வேண்டும். மூன்று திருகு என்றால் தினசரிக்கு வேண்டாம் என்று நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, எஸ்பிடியில் க்ளீட்டே இரண்டு விதம். எஸ்எச்51 என்பது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 சரிவாக மேலே பிய்த்தாலும் விட்டுவிடும், பதற்றத்தில் தாறுமாறாகக் காலை இழுக்கும் புதியவர்களுக்கு அதுதான் சரி. பெடலில் ஒரு சின்ன திருகு இருக்கும், 3 மி.மீ. ஆலன் கீயால் அதைத் திருகி, க்ளீட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைக் கடைசி வரை தளர்த்திவிட்டு ஆரம்பியுங்கள்.

மிதிகட்டை

நான் எதிர்ப்பக்கம். க்ளீட்டை ஆறு வருடம் ஓட்டிவிட்டு ஃப்ளாட்டுக்கு, அதாவது பூட்டே இல்லாத தட்டைப் பெடலுக்கு, வந்து நாலு வருடம் ஆகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். இங்கே இரண்டு பிரச்சினை கலந்து கிடக்கிறது. உங்களுடைய பிரச்சினை "கால் வழுக்குகிறது". அதற்குக் காரணம் ஃப்ளாட் பெடல் இல்லை, சைக்கிளோடு இலவசமாக வரும் வழவழப்பான பிளாஸ்டிக் துண்டு. நல்ல ஃப்ளாட் பெடல் என்றால் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக, ஒரு பக்கத்துக்கு எட்டு பத்து உலோக முள்ளோடு இருக்கும். மென்மையான ரப்பர் அடி உள்ள ஷூவை அதன் மேல் வைத்துவிட்டுக் காலை இடம் மாற்றிப் பாருங்கள், மாறாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் மலையிறக்கப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனதே ஃப்ளாட் பெடலில்தான், கல்லும் வேரும் நிறைந்த பாதையில். அங்கே வழுக்காதது மேம்பாலத்தில் வழுக்குமா?

அடுத்தது "க்ளீட் இருந்தால் பெடலை மேலேயும் இழுக்கலாம், சக்தி மிச்சம்" என்ற பேச்சு. இதை எத்தனை பேர் எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள், ஆனால் அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. 2007இல் கோர்ஃப் என்பவரின் குழு சைக்கிள் வீரர்களையே வைத்துப் பார்த்தது. வேண்டுமென்றே பெடலை மேலே இழுத்து மிதிக்கச் சொன்னால், அவர்கள் இயல்பாக மிதிப்பதைவிட உடம்பு அதிக ஆற்றலைச் செலவு செய்தது. 2016இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராட்ஜர் கிராமின் ஆய்வகம் சாதாரண ஓட்ட ஷூவோடு ஃப்ளாட் பெடலையும், க்ளீட் ஷூவோடு க்ளீட் பெடலையும் மிதமான வேகத்தில் ஒப்பிட்டது. உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் வித்தியாசம் இல்லை. வேலைக்குப் போகும்போது நாம் ஓட்டுவது அந்த மிதமான வேகம்தானே.

சங்கிலிச்சத்தம்

மிதிகட்டை, மிதமான வேகம் வரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கிராம் ஆய்வகம் 2020இல் இன்னொன்று செய்தது, அதையும் சொல்ல வேண்டும் இல்லையா. வெளியே ஏற்றத்தில் முழு பலத்தோடு ஸ்பிரின்ட் அடிக்க வைத்தார்கள். அதில் க்ளீட் தெளிவாக முன்னால் நின்றது, பவரும் அதிகம், வேகமும் அதிகம். இவர் வழியில் இரண்டு மேம்பாலம் இருக்கிறது. பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது பத்து நொடி முழு பலத்தில் மிதித்து மேலே ஏறிவிட வேண்டும் என்று எனக்குத் தினமும் தோன்றும்.

மிதிகட்டை

சரியான பாயின்ட். ஸ்பிரின்ட்டில் க்ளீட்தான் மேல், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 19 சிக்னலையும் பாருங்கள். போக 19, வர 19. எல்லாவற்றிலும் நிற்க மாட்டார், பாதியில் நின்றார் என்றே வைப்போம், ஒரு நாளைக்கு 19 தடவை கழற்றி 19 தடவை மாட்ட வேண்டும். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அந்த நேரத்தில் க்ளீட் உடனே உட்காரவில்லை என்றால் அரைச் சுற்று கால் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு அது மொத்தமே இருபது தடவை. இவருக்கு இருபது கிலோமீட்டருக்கே அவ்வளவு. தினசரி சவாரிக்கு நான் முதலில் கேட்பது "எவ்வளவு தூரம்" என்று இல்லை. எத்தனை தடவை காலை ஊன்றுவீர்கள், இறங்கிய பிறகு எவ்வளவு நடப்பீர்கள், இந்த இரண்டுதான்.

செம்பருத்தி

நான் க்ளீட்டிலிருந்து ஃப்ளாட்டுக்கு மாறியதற்கு ஒரே காரணம் என் மகள். பின்னால் குழந்தை இருக்கை போட்ட அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அதற்கு முன் இரண்டு வருடம் எஸ்பிடிதான் ஓட்டினேன், பழகியும் இருந்தேன். ஒரு நாள் நின்றுகொண்டிருந்த கார் கதவு திடீரென்று திறந்தது. பிரேக் பிடித்தேன், சைக்கிள் நின்றுவிட்டது, இடது காலைத் திருப்பிக் கழற்றவும் செய்தேன். ஆனால் சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்தது. வலது கால் மாட்டியபடியே இருந்தது. வேகமே இல்லாமல் மெதுவாக, என்ன நடக்கிறது என்று முழுசாகத் தெரிந்துகொண்டே விழுந்தேன். முழங்கையில் பிசகு, மூன்று வாரம் கை தூக்க முடியவில்லை. தனியாக இருந்ததால் அதோடு போயிற்று. பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் என்று அன்றைக்கு இரவு நினைத்தேன், தூக்கமே வரவில்லை.

குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், பின்னால் கனமான பை கட்டுகிறவர்கள், இவர்களுக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கக் கால் உடனே தரையில் இருக்க வேண்டும். இதில் பழக்கம், பயிற்சி என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சங்கிலிச்சத்தம்

குழந்தை விஷயத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன், நீங்கள் செய்ததுதான் சரி.

புதுமிதி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஒரு அடிப்படைச் சந்தேகம். க்ளீட் பெடலை எல்லோரும் "கிளிப்லெஸ்" என்கிறார்கள். கிளிப் இல்லாதது என்றுதானே அர்த்தம்? ஆனால் மாட்டிக்கொள்வதுதானே அதன் வேலையே? கடையில் இதைக் கேட்டு நான் குழம்பிப் போனேன்.

ஞாயிறு சவாரி

குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். முன்பெல்லாம் ரேஸ் சைக்கிளில் பெடலுக்கு முன்னால் கம்பிக்கூடு ஒன்று இருக்கும், அதற்குள் விரல்பக்கத்தை நுழைத்துத் தோல்வாரை இழுத்து இறுக்க வேண்டும். அந்தக் கூட்டுக்குப் பெயர் டோ கிளிப். அது இல்லாமலே காலைப் பிடித்துக்கொள்ளும் பெடல் வந்ததும் கிளிப்லெஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பனிச்சறுக்குக் கட்டைக்குக் காலணியை மாட்டும் பூட்டு செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டு வந்தது 1984இல். அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார், அதோடு கம்பிக்கூட்டின் காலம் முடியத் தொடங்கியது.

அந்தத் தோல்வாரில் நான் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். நிற்பதற்கு முன் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும், மறந்தால் விழ வேண்டியதுதான். இப்போதும் "க்ளீட் பயமாக இருக்கிறது, நடுவாந்திரமாக டோ கிளிப் போடட்டுமா" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். இறுக்கினால் க்ளீட்டைவிட மோசம், தளர்த்தி வைத்தால் பிடிப்பும் இல்லை, கூடு தலைகீழாகத் தொங்கி ரோட்டில் உரசும்.

ஆலன்கீ

பெடல் மாற்றுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் வேலையாக சைக்கிள் பார்ப்பவன், வாரத்துக்கு ஒரு கிராங்காவது (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) மரை தேய்ந்துபோய் வருகிறது, எல்லாம் வீட்டில் தவறாகத் திருகியதுதான்.

இடது பெடல் மரை தலைகீழ். வழக்கமாகத் திருகுகிற பக்கம் திருகினால் கழலும், எதிர்ப்பக்கம்தான் இறுகும். பெடல் அச்சின் நுனியில் இடது, வலது என்று குறி இருக்கும், பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். குழப்பமாக இருந்தால் ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள்: ஸ்பேனரைப் பெடலுக்கு நேர் மேலே நிற்கிற மாதிரி மாட்டுங்கள், பின்சக்கரப் பக்கம் இழுத்தால் கழலும், முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பக்கத்துக்கும் இதுவே பொருந்தும். 15 மி.மீ. ஸ்பேனர் போதும், சில பெடலுக்கு உள்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ வேண்டும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்று கையாலேயே போட வேண்டும். கையால் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, உடனே நிறுத்துங்கள். அங்கே ஸ்பேனரை வைத்து அழுத்துகிறவர்கள்தான் கிராங்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

க்ளீட் போடுகிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். ஷூ அடியில் இருக்கும் இரண்டு திருகையும் முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். எனக்கே நடந்தது. ஒரு திருகு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது, எனக்குத் தெரியாது. சிக்னலில் குதிகாலைத் திருப்பினேன், ஷூ திரும்பியது, அடியில் க்ளீட் திரும்பவில்லை. ஒற்றைத் திருகில் அது சும்மா சுழல்கிறது, எவ்வளவு திருப்பினாலும் பெடல் விடவே விடாது. நல்லவேளையாக இன்னொரு காலை ஏற்கெனவே ஊன்றியிருந்தேன். ஷூவின் பட்டையை அவிழ்த்துக் காலை வெளியே எடுத்துவிட்டு, ஷூ பெடலிலேயே தொங்க ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். யாருக்காவது இப்படி ஆனால் இழுத்துப் போராடாதீர்கள், பட்டையை அவிழ்த்துக் காலை உருவுங்கள். திருகு போடும்போது மரையில் கிரீஸ் வையுங்கள், இல்லையென்றால் துருப்பிடித்து ஒரு வருடம் கழித்து தலை தேய்ந்து ஷூவோடு ஒட்டிப் போகும்.

பதினொரு கிமீ

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நண்பரின் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு திருகுதான், க்ளீட்டில் எஸ்எச்51 என்று எழுதியிருக்கிறது. அவருடைய பெடலில் ஒரு பக்கம் க்ளீட், மறுபக்கம் வெறும் ஃப்ளாட். இது இரண்டுக்கும் நடுவில் நல்ல வழியாகத் தெரிகிறதே?

இன்னொரு கவலை முழங்கால். நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன், படியேறும்போது வலது முழங்கால் லேசாகக் கடுக்கும். க்ளீட் போட்டால் அது கூடுமா?

சங்கிலிச்சத்தம்

முழங்காலுக்கு க்ளீட் எதிரி இல்லை, தப்பாகப் பொருத்திய க்ளீட்தான் எதிரி. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பாதம் எந்தக் கோணத்தில் தானாக நிற்கிறதோ அதே கோணத்தில் க்ளீட் இருக்க வேண்டும். சிலருக்குக் குதிகால் உள்ளே போகும், சிலருக்கு வெளியே, இரண்டு காலுக்கும் வேறு வேறாகவும் இருக்கும். எஸ்பிடியில் கழலாமலே சுமார் 4 டிகிரி ஆட இடம் உண்டு, சின்னப் பிசகை அது தாங்கும். முன்பின்னில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டெலும்புக்கு நேரே அல்லது அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். ரொம்ப முன்னால் தள்ளினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் நண்பர் அவருடைய காலுக்குப் பொருத்தியது அது. அப்படியே போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், தயவுசெய்து. இரண்டு திருகையும் தளர்த்தி உங்கள் காலுக்கு முதலிலிருந்து பொருத்துங்கள்.

மிதிகட்டை

முழங்கால் கடுக்கிறவருக்கு நான் இன்னும் அழுத்தமாக ஃப்ளாட்தான் சொல்வேன். ஃப்ளாட்டில் காலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், கொஞ்ச தூரம் போனதும் அரை அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கலாம், கோணத்தை மாற்றலாம். உடம்பே தனக்கு எது சரி என்று கண்டுபிடித்துக்கொள்ளும். க்ளீட்டில் அரை டிகிரி தப்பாக வைத்தாலும் அந்தத் தப்பையே ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் ஐயாயிரம் தடவை மிதிப்பீர்கள். ஃப்ளாட்டில் எனக்குச் சௌகரியமான இடம் பாதத்தின் நடுவுக்கு சற்று முன்னால். விரல் நுனியில் மிதிக்காதீர்கள். ஏற்றத்தில் குதிகாலைக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஷூ பெடலில் இன்னும் அழுந்திப் பிடிக்கும்.

அப்புறம் முழங்கால் வலிக்கு சீட் உயரத்தையும் பாருங்கள். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். பெடலை மாற்றும்போது அதன் தடிமனும் ஷூ அடியின் தடிமனும் மாறும், சீட்டையும் சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்க வேண்டி வரும். நிறையப் பேர் இதை மறந்துவிட்டுப் பெடலைக் குறை சொல்கிறார்கள்.

ஞாயிறு சவாரி

ஒரு பக்கம் க்ளீட், ஒரு பக்கம் ஃப்ளாட் என்ற பெடல் என்னிடம் இரண்டு வருடமாக இருக்கிறது, ஷிமானோ இஎச்500. கடைக்குப் போகும்போது செருப்போடு ஏறலாம், ஞாயிறு அன்றைக்கு ஷூ. ஒரே சைக்கிளை இரண்டு விதமாக ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை.

ஆனால் சிக்னல் நிறைந்த வழிக்கு யோசித்துச் செய்யுங்கள். பெடல் எந்தப் பக்கம் மேலே நிற்கும் என்பது பழகப் பழகத் தெரியும், இருந்தாலும் பத்துக்கு மூன்று தடவையாவது நமக்கு வேண்டாத பக்கம் வரும். க்ளீட் ஷூவோடு ஃப்ளாட் பக்கத்தில் மிதித்தால் இரும்பும் இரும்பும் பட்டு வழுக்கும். செருப்போடு க்ளீட் பக்கத்தில் மிதித்தால் உள்ளங்காலில் குத்தும். அதனால் அவசரமாகக் கிளம்பும்போது நான் இன்னமும் தலையைக் குனிந்து பெடலைப் பார்க்கிறேன். நடுரோட்டில் தலையைக் குனிவது எனக்குப் பிடிக்கவில்லை.

செம்பருத்தி

ஆமாம், அந்தக் குனிதல்தான் எனக்கும் பிடிக்காது. பதினொரு கிமீ, நீங்கள் முதல் பதிவில் பஸ்ஸைப் பற்றி எழுதியதை மறக்காதீர்கள். உங்கள் கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

இரவில் வீடு திரும்புகிறீர்கள் என்றால் இன்னொன்று. பெடலில் இருக்கும் ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் மேலும் கீழுமாக மாறி மாறிப் போகிற அந்த இரண்டு வெளிச்சப் புள்ளியைப் பார்த்ததும் பின்னால் வருகிற டிரைவருக்கு முன்னால் போவது சைக்கிள் என்று தெரிந்துவிடும், அசையாமல் இருக்கிற விளக்கு அதைச் சொல்லாது. க்ளீட் பெடல் நிறையவற்றில் ரிஃப்ளெக்டர் கிடையாது, முள் வைத்த ஃப்ளாட்டிலும் பலவற்றில் இல்லை. எது வாங்கினாலும் ரிஃப்ளெக்டர் மாட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கணுக்காலில் ஒளிரும் பட்டை ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், அதே வேலையைச் செய்யும்.

புதுமிதி

முள் வைத்த ஃப்ளாட் பெடலில் கால் வழுக்கினால் அந்த முள்ளே கணைக்காலைக் கிழித்துவிடாதா? படங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

மிதிகட்டை

கிழிக்கும், மறைக்க மாட்டேன். என் இடது கணைக்காலில் வரிசையாக நாலு புள்ளி இருக்கிறது. எல்லாம் முதல் மாதத்தில் வந்தது, அதுவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது இடித்தது, ஓட்டும்போது இல்லை. தினசரி சவாரிக்கு மலையிறக்கக்காரர்கள் போடுகிற அவ்வளவு நீளமான முள் வேண்டியதில்லை. நைலான் உடம்பில் குட்டையான முள் உள்ளதே போதும். முள் எல்லாம் திருகுதான், கழற்றலாம். நான் நடுவில் உள்ளவற்றை எடுத்துவிட்டு நான்கு மூலையிலும் முன்பின் ஓரத்திலும் மட்டும் வைத்திருக்கிறேன். ஷூவின் ஆயுளும் அதனால் நீளும்.

ஷூ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பிடிப்பு ஷூவில்தான் இருக்கிறது. அடிப்பாகம் தட்டையாக, ரப்பர் கொஞ்சம் மென்மையாக, வளைத்தால் லேசில் வளையாததாக இருக்க வேண்டும். ஓட்ட ஷூவின் தடித்த ஸ்பாஞ்ச் அடி, முள்ளில் உட்காராமல் மிதக்கும், நீண்ட ஏற்றத்தில் பாதத்தின் நடுவே வலி எடுக்கும். பள்ளம் பள்ளமாக ஆழமாக வெட்டிய அடியும் சரிப்படாது, முள் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து ஆடும்.

சங்கிலிச்சத்தம்

இவ்வளவுக்குப் பிறகும் பதினொரு கிமீ க்ளீட்டை முயற்சி செய்வதாக இருந்தால், ரோட்டில் கற்றுக்கொள்ளாதீர்கள். சுவரை ஒட்டி சைக்கிளை நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் ஐம்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள், பிறகு அடுத்த கால். மாட்டும்போது விரல்பக்கத்தை முன்னால் நுழைத்துக் கீழே அழுத்தினால் "டக்" என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் காலிலேயே உணரும்படி இருக்கும். கழற்றும்போது காலைத் தூக்கக் கூடாது, பின்னால் இழுக்கக் கூடாது, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், சிகரெட்டை மிதித்து அணைக்கிற மாதிரி. அப்புறம் காலி மைதானத்தில், முடிந்தால் புல் தரையில். சைக்கிள் நின்ற பிறகு கழற்றுவது தாமதம், நிற்பதற்கு நாலைந்து மீட்டர் முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். எந்தக் காலை ஊன்றுவீர்களோ அந்தப் பக்கமே உடம்பையும் லேசாகச் சாய்த்து நிறுத்துங்கள். செம்பருத்தி சொன்ன மாதிரி விழுவது கழற்றிய காலுக்கு எதிர்ப்பக்கம் சாய்வதால்தான்.

பதினொரு கிமீ

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நண்பரின் பெடலை ஆலன்கீ சொன்ன மாதிரியே மாட்டினேன், எஸ்எச்56 க்ளீட் புதிதாக வாங்கி, நாற்காலியில் காலைத் தொங்கவிட்டுக் கோணம் பார்த்துப் பொருத்தினேன். சுவரோரம் இரண்டு நாள், மைதானத்தில் ஒரு வாரம், பிறகு வேலைக்கு. விழவில்லை. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் பெடலோடு ஒட்டியிருக்கிற அந்த உறுதி உண்மையிலேயே பெரிய நிம்மதி, சங்கிலிச்சத்தம் சொன்னது ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் அஞ்சாவது வாரத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சிக்னல் தூரத்தில் மஞ்சளுக்கு மாறினாலே என் கவனம் காலுக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் எந்த வண்டி திரும்புகிறது என்று பார்க்க வேண்டிய அதே நேரத்தில் நான் குதிகாலை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பழகிவிடும் என்று இன்னும் மூன்று வாரம் பொறுத்தேன். குறைந்தது, போகவில்லை.

அதனால் வேலைக்குப் போகிற சைக்கிளில் நைலான் ஃப்ளாட் போட்டாயிற்று, குட்டை முள், தட்டை அடி ஷூ. போன வாரம் அதே மேம்பாலத்தில் நல்ல மழை. வேண்டுமென்றே அதே இடத்தில் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தேன். ஷூ அசையவில்லை. சீட்டை 5 மி.மீ. ஏற்றியதில் முழங்கால் கடுப்பும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

நண்பரிடம் பெடலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு நாள் ஊருக்கு வெளியே அறுபது கிலோமீட்டர் கூட்டிப் போகிறாராம், அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொள் என்கிறார். சிக்னலே இல்லாத சாலை. ஆலன்கீ, ஒரு சந்தேகம்: மாதம் ஒரு தடவை பெடலைக் கழற்றி மாட்டினால் கிராங்க் மரை தாங்குமா?

ஆலன்கீ

தாங்கும். ஒவ்வொரு தடவையும் மரையைத் துணியால் துடைத்து, புது கிரீஸ் வைத்து, முதல் சுற்றுகளைக் கையாலேயே போடுங்கள். மாட்டிய அன்றைக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், குறிப்பாக இடது பக்கத்தை.